கேட்டுப் பெற்ற ஐம்பதாயிரம் அடி

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகரை நோக்கி அட்லாண்டிக் பெருங்கடலில் சென்றுகொண்டிருந்த கப்பல் ஒன்றில் தமிழ் இளைஞர் ஒருவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அகவை இருபத்தாறுகூட நிரம்பவில்லை. அமெரிக்காவில் ஒளிப்படக் கலை பயின்று திரும்புகிறவர். அன்று அண்ணல் காந்தியடிகளின் பிறந்த நாள். கரை தெரியாத அந்தக் கடலின் நடுவே அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் முளைத்தது. காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு படமாக எடுக்க வேண்டும். அதில் வேடமிட்டு நடிக்க ஒருவரும் இருக்கக் கூடாது. அண்ணலே நடந்து வர வேண்டும், அண்ணலே நூற்க வேண்டும், அண்ணலே சிரிக்க வேண்டும்.

அந்த இளைஞர்தாம் அ. கருப்பன் செட்டியார் என்னும் ஏ.கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நம்மவர் பலர் கேள்விப்பட்டிருப்பர். அப்பெயரில் அவர் எழுதிய பயண நூல் உண்டு. நாளடைவில் நூலின் பெயரே அவருக்கும் பட்டமாகிவிட்டது. ஆயினும் அவரைப் பயண எழுத்தாளர் என்ற அளவில் நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. உலகம் சுற்றியவர்கள் பலர். உலகெங்கும் சென்று, கதவைத் தட்டி, இசைவு கேட்டு, கேட்டதைப் பெற்று வந்தவர் இவர். அந்தப் பக்கத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

செட்டியார் 1911-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். இளமையிலேயே எழுத்தில் நாட்டம் கொண்டு, பர்மாவிலிருந்து வெளிவந்த 'தன வணிகன்' என்ற இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். நகரத்தார் பர்மாவுக்குச் சென்றது வட்டிக் கடைக்கு என்பது நாடறிந்த செய்தி. இவரோ அங்கே அச்சுக் கூடத்து மையில் விரல் நனைத்தவர். பிறகு ஜப்பான் சென்று டோக்கியோவில் ஒளிப்படக் கலையைக் கற்றார். 'ஜப்பான்' என்ற நூலையும் எழுதினார். அங்கிருந்து அமெரிக்கா. நியூயார்க்கில் பயிற்சியை நிறைவு செய்து புறப்பட்டபோதுதான் நான் மேலே கூறிய கப்பல் பயணம்.

நண்பர்களே, எண்ணம் தோன்றுவது எளிது. அதற்கு அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்பதே கடினம். காந்தியடிகளைப் பற்றி உண்மைக் காட்சிகளால் ஒரு படம் வேண்டுமானால் முதலில் அந்தக் காட்சிகள் வேண்டும். 1937-இல் காந்தியடிகளுக்கு வயது 68. தென்னாப்பிரிக்காவில் அவர் அறப்போர் நடத்தியபோது செட்டியார் பிறந்தே இருந்தாலும் தொட்டிலில் இருந்தவர். தண்டி யாத்திரை 1930-இல் முடிந்துவிட்டது. வட்டமேசை மாநாட்டிற்காக அண்ணல் இலண்டன் சென்றது 1931-இல். கடந்து போன நாளுக்கு மீண்டும் கேமராவைத் திருப்ப முடியுமா? ஆனால் அந்த நாட்களில் அந்தந்த இடங்களில் யாரோ ஒருவர் கேமராவைச் சுழற்றியிருக்கிறார். அந்தச் சுருள் எங்கோ ஒரு நிறுவனத்தின் தகரப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அது யாருடையது, எங்கே இருக்கிறது, கேட்டால் தருவார்களா? செட்டியாரின் வேலை இந்த மூன்று கேள்விகளில் தொடங்கியது.

இதற்கென 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்ற நிறுவனம் ஏற்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் செய்த பயணம் ஒரு இலட்சம் மைல் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு ஏறக்குறைய 25,000 மைல். அப்படியானால் நான்கு முறை உலகைச் சுற்றி வந்த தொலைவு! வானூர்தி இன்றுபோல் எல்லார்க்கும் எட்டாத காலத்தில், பெரும்பாலும் கப்பலிலும் இரயிலிலும் சென்ற தொலைவு இது. கடிதம் எழுதினால் போதாதா என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தபோது விளங்கியது. கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடலாம். வாயிற்படியில் வந்து நிற்கும் மனிதரை அப்படிச் செய்ய இயலாது.

இந்தப் படத்திற்காக அவர் திரட்டிய சுருள்களின் மொத்த நீளம் 50,000 அடி. முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் வெவ்வேறு நாடுகளில் எடுத்தவை அவை. இயற்பியல் படிக்கிறவனுக்கு எண்ணைக் கண்டால் கை சும்மா இராது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். பேசும் படம் நொடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும். அதாவது நிமிடத்திற்கு 90 அடி. எனவே 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாக ஓடக்கூடியது. அதிலிருந்து தேர்ந்தெடுத்து அவர் நமக்குத் தந்த படத்தின் நீளம் 12,000 அடி. இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. கிடைத்ததில் நான்கில் மூன்று பங்கை விலக்கி வைத்திருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் அலைந்தவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத் தக்கது. பேசாப் படக் காலத்துச் சுருள்கள் பெரும்பாலும் நொடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படங்கள் என்ற வீதத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பேசும் படக் கருவியில் ஓட்டினால் மனிதர்கள் விடுவிடென்று ஓடுவதுபோல் தோன்றும். பழைய செய்திப் படங்களில் தலைவர்கள் பொம்மைகள்போல் துள்ளி நடப்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோமே, அதன் காரணம் இதுதான். காந்தியடிகளோ இயல்பிலேயே வேகமாக நடப்பவர்!

இனி, இசைவு என்ற பொருளுக்கு வருவோம். அந்தக் காலத்தில் காந்தியடிகளைப் படமெடுக்க விரும்பிய எவருக்கும் மூன்று வாயில்கள் இருந்தன.

முதல் வாயில் அண்ணலே. சினிமாவைப் பற்றி அவருக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. 1927-இல் அமைக்கப்பட்டு, சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் இயங்கிய இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு, காந்தியடிகளின் கருத்தையும் கேட்டது. தாம் ஒரு முறைகூடச் சினிமாவுக்குச் சென்றதில்லை என்றும், அதனால் விளையும் தீமை வெளியாளுக்கும் தெரியக்கூடியதே என்றும் பொருள்பட அவர் விடையளித்துவிட்டார். ஒளிப்படத்திற்கு நிற்பதும் அவருக்குப் பிடிக்காது. சேவாகிராமத்தில் உடனிருந்த உறவினரான கனு காந்திக்குப் படமெடுக்க இசைவளித்தபோது அண்ணல் மூன்று நிபந்தனைகள் விதித்தார். பளிச்சென்று ஒளிவிடும் விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. படத்திற்காக நிற்கும்படியோ உட்காரும்படியோ கேட்கக் கூடாது. படச் செலவுக்கு ஆசிரமப் பணத்தில் ஒரு காசும் கிடையாது. உடனிருந்த உறவினருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் வெளியிலிருந்து வருபவர் நிலை என்ன! ஆனால் கூர்ந்து பார்த்தால், ஓர் ஆவணப்படக்காரர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அந்த மூன்று நிபந்தனைகளுக்குள் அடங்கிவிடுகிறது. தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒருவரை அந்த வேலையிலிருந்து பிரிக்காமல் எடு என்பதைத் தவிர வேறென்ன அது?

இரண்டாவது வாயில், பழைய சுருள்களை வைத்திருந்தவர்கள். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அக்காலத்தில் செய்திப்பட நிறுவனங்கள் கொடிகட்டிப் பறந்தன. தொலைக்காட்சி வீடுகளுக்குள் வராத காலம் அது. வாரந்தோறும் திரையரங்கில் முதன்மைப் படத்திற்கு முன் பத்து நிமிடச் செய்திப் படம் காட்டுவார்கள். காந்தியடிகள் இலண்டனில் இறங்கினால் அது செய்தி. கிழக்கு இலண்டனின் கிங்ஸ்லி ஹாலில் ஏழை மக்களிடையே தங்கினால் அது செய்தி. லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் நடுவே நின்றால் அதுவும் செய்தி. ஆனால் அந்த நிறுவனங்களுக்கு அண்ணலின் படம் ஒரு சரக்கு. வாரம் முடிந்ததும் பெட்டியில் போட்டு எண்ணிட்டு அடுக்கிவிடுவார்கள். அந்தச் சுருளைப் பார்ப்பதற்கு ஓர் இசைவு, படி எடுப்பதற்கு ஓர் இசைவு, அதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு இன்னோர் இசைவு. ஒரு நாட்டில் ஒருவர் இல்லையென்றால் அடுத்த நாட்டில் அடுத்தவர்.

தென்னாப்பிரிக்காவுக்கும் செட்டியார் சென்றார். 1893 முதல் 1914 வரை காந்தியடிகள் வாழ்ந்து, மோகன்தாஸ் என்ற வழக்கறிஞர் மகாத்மாவாக மாறிய நிலம் அல்லவா? 1904-இல் அமைந்த பீனிக்ஸ் குடியிருப்பும் 1910-இல் கல்லன்பாக் தந்த நிலத்தில் எழுந்த டால்ஸ்டாய் பண்ணையும் அங்கேதான் இருந்தன. ஆனால் 1913-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியர் அந்நாட்டில் கால் வைப்பதையே அரிதாக்கி வைத்திருந்தது. கேமராவைப் பற்றிப் பேசுமுன் மனிதர் இறங்குவதற்கே இசைவு வேண்டும். அந்தச் சட்டத்தையும் மூன்று பவுன் வரியையும் எதிர்த்துச் சிறை சென்றவர்களுள் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி உண்டு. நம் கல்லூரியிலிருந்து ஒரு பேருந்து மாறினால் போய்விடக்கூடிய தில்லையாடியைப் பெற்றோர் ஊராகக் கொண்ட வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறு வயதில் உயிர் நீத்தாள். அசையும் படத்தில் அவள் இல்லை. ஒரே ஒரு மங்கிய ஒளிப்படத்தில் மட்டும் நாம் அறிந்த முகம் அவளுடையது. படமெடுக்கக் கேட்க ஆள் வருமுன்பே போய்விட்ட எத்தனையோ பேரில் அவள் ஒருத்தி.

மூன்றாவது வாயில்தான் இரும்புக் கதவு. அது அரசாங்கம். 1918-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் 1920 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் இயங்கின. 1921-இல் 'பக்த விதுரர்' என்ற புராணப் படத்தில் விதுரர் காந்திக் குல்லாயுடன் தோன்றினார் என்பதற்காகவே சென்னையிலும் கராச்சியிலும் அப்படத்தைத் தடை செய்தார்கள். மகாபாரதத்து மனிதரைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியது! 1930-இல் தண்டி யாத்திரையை இந்தியப் பட நிறுவனங்கள் சில எடுத்து வைத்தன. அவையும் தடை செய்யப்பட்டன. கே. சுப்ரமணியம் 1939-இல் எடுத்த 'தியாகபூமி' ஓடிக்கொண்டிருந்தபோதே தடைக்குள்ளாயிற்று. செட்டியார் வேலையைத் தொடங்கிய 1937-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்றிருந்தது. அவர் வேலையை முடித்தபோது அந்த அமைச்சரவை இல்லை. 1939 அக்டோபரில் விலகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. ஆளுநரின் நேரடி ஆட்சி. காற்று திசை மாறிவிட்ட நேரத்தில் அவருடைய கப்பல் கரைக்கு வந்து சேர்ந்தது.

அப்படியிருந்தும் 1940 ஆகஸ்டு 23-ஆம் நாள் தமிழ் விளக்கவுரையுடன் 'மகாத்மா காந்தி' சென்னையில் வெளியாயிற்று. அதற்கு இரண்டு மாதங்களுக்குள் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கி, தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குள் சென்றார்கள் என்பதை நினைவில் கொண்டால் அந்தத் தேதியின் அருமை விளங்கும். அதுவரை காந்தியடிகளை நாளேட்டின் புள்ளிப் படத்தில் மட்டும் கண்டவர்கள், அவர் தங்கள் எதிரே நடந்து வருவதைக் கண்டார்கள். தெலுங்கு விளக்கவுரையுடனும் படம் வந்தது. ஆனால் போர்க்காலக் கெடுபிடிக்கிடையே அது தடையின்றி ஊரூராக ஓட வழியில்லாமல் போயிற்று. உலகத்தாரிடமெல்லாம் கேட்டுப் பெற்றவருக்குச் சொந்த நாட்டில் காட்டுவதற்கு இடமில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-இல் இந்தியிலும் அது உரு மாறியது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில விளக்கவுரையுடன் சுருங்கிய வடிவில் வெளிவந்தது.

சிதம்பரம் வட்டாரத்தில் வாழ்கிற நமக்கு, இசைவு கேட்டு நிற்பது என்றால் என்னவென்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நந்தனாரின் ஊராகிய ஆதனூர் நமக்குத் தொலைவில் இல்லை. தில்லைக்குப் போக வேண்டும் என்று ஏங்கி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாளைக் கழித்து, அதனாலேயே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர் அவர். சேக்கிழார் சொன்ன கதையில் தடை நின்றது நந்தனாரின் நெஞ்சிலேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாக்கியபோது ஒரு பண்ணையார் வந்து நுழைந்தார். வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்று இசைவு மறுக்கிறவர். மக்கள் மனத்தில் நிலைத்தது இந்தப் பிந்திய கதைதான். ஏன் நிலைத்தது என்று எங்கள் ஊர் வயல்களில் இறங்கி வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். காந்தியடிகள் 1927-இல் சிதம்பரம் வந்தபோது சுவாமி சகஜானந்தர் நடத்திய நந்தனார் கல்விக் கழகத்திற்குச் சென்றதும் இந்தக் கதையின் தொடர்ச்சியே என்று நான் கருதுகிறேன்.

எப்போதும் இசைவு கேட்பவர் கீழே நிற்பவர். தருபவர் மேலே நிற்பவர். இதுவே நாம் கண்ட முறை. கேமரா வந்த பிறகு இது தலைகீழாகியிருக்க வேண்டும். கருவியைக் கையில் வைத்திருப்பவரே கேட்க வேண்டியவர். ஆனால் நடைமுறை அப்படியா இருக்கிறது?

கீரப்பாளையத்தில் என் ஆயா நாற்றுப் பறித்து நடவு நட்டே பிள்ளைகளை வளர்த்தவர். வீராணம் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டால் விடியுமுன் வயலில் இருப்பார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது யாரோ வெளியூர்க்காரர் சாலையோரம் வண்டியை நிறுத்தி, சேற்றில் குனிந்திருந்த பெண்களைப் படமெடுத்துக்கொண்டு போனார். பெயர் கேட்கவில்லை, எதற்கென்றும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அந்தப் படம் ஓர் அச்சிட்ட தாளில் வந்து, கைமாறிக் கைமாறி எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. முன்னால் நிற்பவர் ஆயாதான். படத்தின்கீழே ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே என்னைப் படிக்கச் சொன்னார்கள். பசியால் வாடும் பெண்கள் என்று அந்த வரி சொன்னது. ஆயா அன்று ஒன்றும் பேசவில்லை. அந்த ஆண்டு சம்பா நன்றாக விளைந்து, எங்கள் வீட்டுக் குதிரில் நெல் இருந்தது. கூலியாக வாங்கிய நெல். அவர் முதுகு வளைந்து ஈட்டிய நெல். அதை அந்த வரி இல்லாமல் செய்துவிட்டது. வெகு நாள் கழித்து ஒரு நாள், என்னைக் கேட்டிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேனே என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நண்பர்கள் நால்வர் சேர்ந்து, கைபேசியிலேயே நடவுப் பாட்டுகளைப் பற்றி ஒரு சிறு ஆவணப்படம் எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். செட்டியாரைப் பற்றி நான் தேடிப் படித்தது அப்போதுதான். கோயில் பிராகாரத்தில் எடுக்க யாரைக் கேட்பது, தொல்லியல் துறைக் காவலில் உள்ள இடமானால் எங்கே விண்ணப்பிப்பது, பள்ளிக்கூடத்துக்குள் நுழைய யார் கையெழுத்து வேண்டும் என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். இவற்றுக்கெல்லாம் விதியும் படிவமும் உண்டு. தாமதமானாலும் வழி தெரியும். படிவமே இல்லாத இசைவு ஒன்றுதான் எங்களைத் தயங்க வைத்தது. நட்டுக்கொண்டிருக்கும் பெண்களிடம் எப்போது கேட்பது? வேலை நேரத்தில் கேட்டால் கூலி கெடும். வரப்பில் நிலத்துக்காரர் நிற்கும்போது கேட்டால், அவர் தலையசைத்தால் போதும் என்று பெண்கள் ஒதுங்கிவிடுவார்கள். அது அவர்களுடைய இசைவாகாது. கடைசியில் மாலையில் தெருக் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசினோம். எதற்கு எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், என்ன எழுதுவோம் என்று மூன்றையும் சொன்னோம். பதினொரு பேரில் எழுவர் சரி என்றார்கள். நால்வர் வேண்டாம் என்றார்கள். அவர்களுள் ஆயாவும் ஒருவர். பாட்டை மட்டும் பதிவு செய்துகொள், முகம் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் ஊரிலேயே நல்ல குரல் அவருடையது. இப்போது அந்தப் பாட்டுக்கு மேல் வெறும் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிறது.

எனவே ஒரு இலட்சம் மைல் என்ற கணக்கை நான் வியப்பது தூரத்திற்காக அன்று. ஒரு தெருவில் பதினொரு பேரைக் கேட்கவே எங்களுக்கு ஆறு மாலைப் பொழுதுகள் பிடித்தன.

படம் முடிந்த பிறகும் செட்டியாரின் தேடல் ஓயவில்லை, பொருள்தான் மாறியது. 1943-இல் 'குமரி மலர்' என்ற திங்களிதழைத் தொடங்கி இறுதிக் காலம்வரை நடத்தினார். பழைய ஏடுகளிலும் இதழ்களிலும் புதைந்து கிடந்தவற்றைத் தோண்டியெடுத்து அதில் மறுபடியும் அச்சிட்டார். பாரதியாரின் எழுத்துகளில் நூல்வடிவம் பெறாமல் கிடந்தவையும் அவ்வாறு வெளிச்சம் கண்டன. பழந்தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டித் தொகுத்தார். 'குடகு', 'கரிபியன் கடலும் கயானாவும்' போன்ற பயண நூல்களையும் எழுதினார். அந்நூல்களில் ஊர் இருக்கும், மக்கள் இருப்பர், உணவும் உடையும் இருக்கும். செட்டியார் மட்டும் இருக்க மாட்டார். தாம் பட்ட பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதக்கூட அவருக்குக் கூச்சம்போலும். காந்திப் படம் எடுத்த கதையையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970-களின் இறுதியில்தான் குமரி மலரில் எழுதினார். அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின் ஆ.இரா. வேங்கடாசலபதி அக்கட்டுரைகளைத் தொகுக்க, 2003-இல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகக் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. ஆவணப்படம் எடுக்க ஆசையுள்ள நண்பர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும்.

1982 நவம்பரில் ரிச்சர்டு அட்டன்பரோவின் 'காந்தி' வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. மிகச் சிறந்த படம், மறுப்பதற்கில்லை. அதற்கு முன்பே, 1968-இல், வித்தல்பாய் ஜவேரி உண்மைக் காட்சிகளைக் கொண்டு ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக ஓடும் நீண்ட படமொன்றை உருவாக்கியிருந்தார். இவர்களுக்கெல்லாம் முந்தியவர், அண்ணல் உயிரோடிருக்கும்போதே அவர் வாழ்வைத் தொகுத்தவர், அப்போது சென்னையில் அமைதியாகத் தம் சிற்றிதழை நடத்திக்கொண்டிருந்தார். 1983 செப்டம்பர் 10-ஆம் நாள் செட்டியார் காலமானார்.

1940-இல் தமிழ்நாட்டு மக்கள் கண்ட அந்த 12,000 அடித் தமிழ்ப் படம் இன்று நாம் பார்க்கக் கிடைக்கவில்லை. 1953-இன் சுருங்கிய ஆங்கில வடிவம் அமெரிக்காவில் கிடைத்தது. அக்காலத்துப் பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. காற்றின் ஈரமும் வெப்பமும் பட்டால் தானாகவே சிதையும். முதலில் நிறம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். தீப்பற்றினால் தண்ணீராலும் அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நம் பகுதியின் பழைய கொட்டகைக்காரர் வீட்டுப் பரணிலோ, பழைய விநியோகக்காரர் கிடங்கிலோ துருப்பிடித்த வட்டத் தகரப் பெட்டி எதையேனும் நீங்கள் காண நேர்ந்தால், விளக்கையோ பீடியையோ அருகில் கொண்டுபோக வேண்டாம். வெயிலில் வைத்துத் திறக்கவும் வேண்டாம். புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்கு எழுதுங்கள். அதற்கு முன் அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.